வலது கைக்கு எட்டும் கார்

கெர்பன் பாவம், கார்க் கடை விற்பனையாளன், தன் வேலையைத்தான் செய்தான். பெரிய திரையைக் காட்டினான், பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்றான், குளிரில் இருக்கை தானே சூடாகும் என்றான். கார் வாங்க வந்த வீட்ஸ்கே எதையும் காதில் வாங்கவில்லை. அந்த நாட்டுக் கார்களில் ஓட்டுபவருக்கு இடப்பக்க இருக்கை. ஏறி உட்காருவாள், கதவைச் சாத்துவாள், வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி இடப்பக்கக் கதவின் கைப்பிடியைத் தேடுவாள், "ஸ்ஸ்" என்று தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். இப்படியே நாலு கார். ஐந்தாவதில் கைப்பிடி முழங்காலுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்திருந்தது. எந்தப் புண்ணியவான் அதை அங்கே வைத்தானோ!

"மேடம், இடது கை பக்கத்துலயே இருக்கே. அதால திறந்தா வேலை முடிஞ்சுது."

"திறந்து பார்த்தாச்சு தம்பி. என்ன ஆச்சுன்னு அதோ நிக்கிறானே, அவன்கிட்ட கேளு."

வாசலில் சைக்கிளோடு நின்ற யோரிட் தன் தோளைத் தட்டிக் காட்டினான். "இங்க ஒரு தகடு இருக்கு. ஆறு ஸ்க்ரூ. எல்லாம் இவங்க உபயம்."

கெர்பனுக்கு முகம் விழுந்துவிட்டது. கார்க் கதவை அதற்குத் தள்ளி இருக்கும் கையால் திற, உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும் என்று லைசென்ஸ் எடுக்கும்போது அவனுக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே ஊரில் பாதிப் பேர் மறந்துபோகும் பாடம் அது.

வீட்ஸ்கேயும் மறந்தவள்தான். லேவார்டன் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் வயதானவர்களின் வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடும் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் இடது கையால் கதவைத் தள்ளினாள். பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்க்கொண்டிருந்த யோரிட் கதவில் மோதித் தெருவில் விழுந்தான். 

அவன் பிழைத்தான். அதோடு நின்றானா? கட்டுப் போட்ட கையோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க தூங்குறீங்களா இல்லையான்னு பாக்க வந்தேன்" என்றான். இப்படியும் ஒரு பிள்ளை! காப்பிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடுகிற அந்த ஊரில், அன்று முதல் அவனுக்கு மட்டும் வீட்ஸ்கே டப்பாவை மூடுவதேயில்லை.

வலது கையால்தான் கதவைத் திறப்பேன், முடியாவிட்டால் கார் ஓட்டமாட்டேன் என்று அவள் அன்றே சபதம் எடுத்துக்கொண்டாள். காலுறை இழுத்து இழுத்து வலது தோள் இந்தக் குளிர்காலத்தில் இறுகிப்போயிற்று. பழைய குட்டிக் காரில் எப்படியோ எட்டியது. அதுவும் இந்த வருட வாகனத் தகுதிச் சோதனையில் தேறவில்லை. கை எட்டும் கார் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

ஆறாவது ஒரு சின்னக் கார். கைப்பிடி ஸ்டியரிங்கை ஒட்டி மேலேயே இருந்தது. நீட்டினாள். தோள் முணுமுணுத்தது, ஆனால் எட்டிவிட்டது!

"கடைக்குள்ள உக்காந்து எட்டுறது பெரிசில்ல," என்றான் யோரிட். "தெருவுல போய் ரொட்டிக்கடை முன்னாடி நிறுத்துங்க. ரொட்டி வாங்க இறங்குங்க. நான் பின்னால சைக்கிள்ல வருவேன். எப்பன்னு சொல்லமாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமாடா? இன்னொரு ஆறு ஸ்க்ரூ வேணுமா?"

"ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தா நல்லாவா இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவன் மிதித்துப் போயேவிட்டான்.

ரொட்டிக்கடை முன் வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் கெர்பன் ஓயவில்லை. நீலமா, வெள்ளையா, பச்சை வர ஆறு வாரம் ஆகும், பழைய வண்டியைக் கடையிலேயே விட்டுவிடலாம்... பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு யோரிட்டின் நினைப்பே போய்விட்டது. வெள்ளையே போதும் என்றபடி இறங்கப் போனாள். வலது கை தானாகக் குறுக்கே போயிற்று, தோள் திரும்பிற்று, தலையும் திரும்பிற்று. கண்ணாடிக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் யோரிட்!

கை கைப்பிடியிலேயே நின்றது. மணியைக் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டு அவன் கடந்து போனான்.

மறுபடி பின்னால் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். அவன் திரும்பி வருவதற்குள் கண்ணீர் வழிந்துவிட்டது.

"ரொம்ப நன்றிடா."

"நான் என்ன பண்ணேன்? சும்மா மிதிச்சேன்."

"உன்னை விழத் தள்ளினவ பக்கத்துல திரும்ப வந்து மிதிச்ச பாரு, அதுக்கு."

அவன் மணியை ஒருமுறை அடித்தான். கெர்பன் இறங்கக் கதவைத் தொட்டான். சட்டென்று நிறுத்தி, கையை மாற்றிக்கொண்டான்.