குரலுக்கு ஒரு பிரதி

பக்கத்து வளவில் ஷெல் விழுந்து வீடு தரைமட்டமான மறுநாள், குணலட்சுமிக்கு நகையைப் பற்றிய கவலை வரவில்லை, காணி உறுதியைப் பற்றியும் வரவில்லை. ஒரு கசற்றைப் பற்றித்தான் வந்தது.

கணவர் முத்துக்குமாரு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தபின், கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டுத் தன் குரலைப் பதிந்து அனுப்பிய கசற் அது. கூடவே அதே மாதிரி வெறுங்கசற் ஒன்றையும் வைத்திருந்தார், அவள் பதில் கதைத்து அனுப்புவதற்கு. அவள் வெட்கத்தில் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் அவர் அங்கே மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. உடலும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. இங்கே உரும்பிராயில் படத்துக்கு மாலை போட்டுத்தான் அந்தியேட்டி செய்தார்கள். அவரென்று அவளிடம் மிஞ்சியது அந்தக் குரல் மட்டுந்தான்.

அதையும் ஆசைதீரக் கேட்க முடிந்ததா? வீட்டிலிருந்த ரெக்கோடர் வாயில் போட்டதை மெல்லுகிற சாமான். ஒருமுறை நாடாவை இழுத்துச் சிக்காக்கிவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு கேட்கவே பயந்தாள்.

"தம்பி, இதைக் கொப்பி பண்ணித் தா. ஒண்டு இஞ்சை இருக்கட்டும், மற்றதை மீசாலையிலை மச்சாள் வீட்டிலை வைப்பம். ரெண்டு வீட்டிலையும் ஒரே நாளிலை ஷெல் விழாதெல்லே?"

"ஓம் அக்கா, செய்வம்" என்றான் அவளுடைய தம்பி கனகரத்தினம். மருதனார்மடத்துச் சிநேகிதனிடம் இன்னொரு ரெக்கோடரை இரவல் வாங்கி வந்தான்.

மின்சாரம் போய் வருசக்கணக்காகிவிட்டது. பற்றறியும் தடை. ஊரில் எல்லோரும் செய்வதுபோல முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்தார்கள். ரெக்கோடர் இரண்டென்றபடியால் சைக்கிளும் இரண்டு. அவருடைய குரல் தம்பியின் பக்கம் ஓடியது. அதை அவர் அனுப்பிய வெறுங்கசற்றில் பதிகிற ரெக்கோடர் அவள் பக்கம். நடுவில் ஒரு வயர். அதைக் குத்தியதும் சத்தம் வெளியே வராது. நாடாக்கள் சுழல்வதுதான் தெரியும்.

"பெடலை ஒரே சீராய்ச் சுத்துங்கோ அக்கா. மெதுவாக்கினால் அத்தானின்ரை குரல் பிறகு கீச்செண்டு கேக்கும்."

தொடங்கிக் கொஞ்ச நேரந்தான். நாசமாய்ப் போன பொம்மர் இரைந்துகொண்டு வந்தது. அவள் இரண்டு கசற்றையும் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தாள். நகைப் பெட்டி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. குண்டுகள் கோப்பாய்ப் பக்கம் விழுந்தன. தலையில் மண் உதிர உதிர, அவள் மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

மேலே வந்ததும் பரபரப்பு. அடுத்தது வருவதற்குள் முடித்துவிட வேண்டும். "இது உன்ரை பக்கம், இது என்ரை பக்கம்" என்று கசற்றுகளை எடுத்துக் கொடுத்தாள். விட்ட இடத்திலிருந்து மீண்டும் சுற்றினார்கள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. மனிசனுக்கு ஒரு பதிலைக்கூட அனுப்பவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.

நாடா முடிந்ததும் கனகரத்தினம் ஒரு கசற்றைப் போட்டுப் பார்த்தான். முத்துக்குமாரு குளிரைப் பற்றிக் கதைத்தார், மாட்டைப் பற்றி விசாரித்தார். "இனித்தான் விசயம், கேளும்" என்றார். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

"கொப்பி பிசகிப்போச்சு. பறவாயில்லை, அசல் இருக்கு" என்று மற்றதைப் போட்டான். அதே குளிர், அதே மாடு. "இனித்தான் விசயம், கேளும்." அதே இரைச்சல்.

கனகரத்தினத்தின் முகம் செத்துப்போனது. பங்கருக்குள் கசற்றுகள் மாறிவிட்டன. வெறுங்கசற் அவன் பக்கம் ஓட, அதன் வெறுமை அவள் பக்கத்தில் அவருடைய குரலின்மேல் பதிந்திருக்கிறது. அழியாமலிருக்கக் கசற்றின் முதுகில் ஒரு சின்னப் பல்லை முறித்துவிட வேண்டும். அது அவனுக்குத் தெரியும். வேலை முடிய முறிப்போம் என்று விட்டிருந்தான்.

"அக்கா..." என்று அழத் தொடங்கினான்.

"அழாதை. கசற்றை மாத்திக் குடுத்தது நானெல்லே. மிச்சம் எனக்கு மனப்பாடம்" என்றாள் அவள். அவனைத் தேற்ற வேண்டுமென்று சொல்லவும் தொடங்கினாள். "ஆவணிக்கு வாறன், கிணத்துக்கட்டை நான் வந்து கட்டுறன், நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் எண்டு சொல்லுவார். இந்த இடத்திலை ஒருக்கா இருமுவார்."

எப்படி என்று காட்ட அவளும் இருமினாள். அது அவருடைய இருமலாக வரவில்லை. இன்னொருமுறை இருமிப் பார்த்தாள். பிறகு பெடலைப் பிடித்துக்கொண்டு, செய்தி வந்த அன்றுகூட அழாத அழுகையாக அழுதாள்.