காரம் குறைத்த குழம்பு

பாங்காக்குக்கு வந்து பதினாறு வருஷமாகியும் ஜாருணிக்கு அந்தச் சந்து தெரியாது. பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒரு சனிக்கிழமை மதியம் பேருந்து அவளைக் கால்வாய்ப் பாலத்தருகே இறக்கிவிட்டுப் போய்விட்டது. வெயிலுக்கு ஒதுங்கிச் சந்துக்குள் நடந்தாள். முதலில் மணம் வந்தது. மஞ்சளும் இறால் விழுதும் சேர்ந்து கொதிக்கிற மீன்குடல் குழம்பு. அடுத்து ஒரு பெண்ணின் குரல்.

"அழுகுன மீனை அனுப்பிட்டு என்னல பேச்சு பேசுத?"

நாட்டின் தெற்குச் சீமைப் பேச்சு, ஜாருணியின் ஊர்ப்பேச்சு. நாலே மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடையில், லமாய் என்கிற அறுபது வயதுக்காரி தொலைபேசியில் மீன்காரனை வறுத்துக்கொண்டிருந்தாள். ஜாருணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அவளைப் பார்த்ததும் லமாய் நகரத்துப் பேச்சுக்கு மாறினாள். "இது தெற்கத்திக் கடைம்மா. காரம் தாங்குவியா?"

"கொஞ்சம் தாங்குவேங்க" என்றாள் ஜாருணி. அலுவலகக் குரல் தானாக வந்துவிட்டது.

லமாய் நகரத்துக்காரர்களுக்கென்று வைத்திருந்த சின்னப் பானையிலிருந்து ஊற்றினாள். தேங்காய்ப்பால் விட்டு, மிளகாயைப் பாதியாக்கிய குழம்பு. கூடவே ஒரு தட்டு வெள்ளரியும் முந்திரிக் கொழுந்தும். ஜாருணி கொழுந்தை எடுத்துக் கடித்தாள். அந்தத் துவர்ப்பு மட்டும் ஊரில் உள்ளபடியே இருந்தது.

அவள் காப்பீட்டு நிறுவனமொன்றில் தொலைபேசியில் பேசுகிற வேலை பார்த்தாள். சேர்ந்த புதிதில் அவள் வாயைத் திறந்தால் அறையே சிரிக்கும். ஆறே மாதத்தில் ஊர்ப்பேச்சைத் துடைத்துப் போட்டாள். ஆனால் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஊருக்குப் போனவளுக்கு, அவர் காதருகில் குனிந்து பேசியபோதும் நகரத்துப் பேச்சுதான் வந்தது. "அப்பாட்ட பேசுததுக்குக்கூட நம்ம பேச்சு இல்லையா ஒனக்கு?" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தாள். அதுவும் அப்படியேதான் வந்தது. அப்பாவை எரித்த மறுநாள் ரயிலேறியவள், அப்புறம் ஊர்ப்பக்கம் போகவில்லை.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கடைக்குப் போனாள். சுவரோர மேசையில் தனியாக உட்கார்ந்து, லமாய் ஊர்க்காரர்களோடு பேசுவதைக் கேட்டபடி சாப்பிடுவாள். தானும் அந்த ஊர்தான் என்று ஒவ்வொரு வாரமும் சொல்ல நினைப்பாள். அந்தப் பேச்சு வாயில் பொய்யாக வந்துவிட்டால்? இங்கேயும் ஒருத்தர் சிரித்துவிட்டால் போக வேறு இடம் இல்லை. போதாக்குறைக்கு லமாய் மற்றவர்களிடம் அவளைக் காட்டிப் பெருமை வேறு அடித்தாள். நகரத்துப் பெண்ணைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக இந்தச் சாப்பாட்டுக்குப் பழக்கிவிட்டாளாம். ஜாருணி தலையைக் குனிந்து சிரித்துவைப்பாள். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை கடையில் வேறு யாரும் இல்லை. லமாய் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று மீன் அரிந்துகொண்டிருந்தாள். பானை பிடிக்கிற துணியின் நுனி அடுப்பில் விழுந்து புகைந்தது. ஜாருணி பார்த்தபோது தீ அலமாரிக் காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"எக்கா, துணி பத்துது! பின்னால பாரு, பின்னால!"

லமாய் வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். புகை அடங்கியபின் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எந்த ஊருட்டீ?"

"பாக் பனாங்."

"எட்டு மாசமா இந்தத் தண்ணிக் குழம்பைக் குடிச்சிட்டு வாயத் தொறக்காம இருந்திருக்க. நான் கிறுக்கி மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

லமாய்க்கு நிஜமாகவே கோபம். ஜாருணி தட்டுத் தடுமாறி அலுவலகச் சிரிப்பையும் அண்ணன் கேட்டதையும் சொன்னாள். பாதி இந்தப் பேச்சு, பாதி அந்தப் பேச்சு. லமாய் சிரிக்கவில்லை. ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாக்குக் காது கேட்டுச்சா அப்போ?"

"கேட்டுது. கையப் பிடிச்சாவ."

"பெறவென்ன."

பெரிய பானையைத் திறந்து, கறுத்துத் தடித்த குழம்பை ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். ஜாருணி ஆசையாகச் சோற்றில் பிசைந்து வாயில் போட்டாள். மூன்றாவது வாய்க்கு நெஞ்சு எரிந்து, காது அடைத்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சின்ன வயதில் இதைத்தான் தினமும் தின்று பள்ளிக்கூடம் போனாள். எவ்வளவு முயன்றும் அதற்குமேல் இறங்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். லமாய் எதிரே அமர்ந்து, அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துத் தானே சாப்பிட்டாள்.

பத்தாம் மாத அமாவாசையில் தெற்கத்திக்காரர்கள் இறந்தவர்களுக்குப் படையல் போட ஊருக்குப் போவார்கள். லமாயும் பத்து நாள் கடையை அடைத்தாள். "எங்கூட வாரியா? ரயில்ல இடம் சொல்லுதேன்" என்று கேட்டாள். ஜாருணி யோசித்துப் பார்த்து, இந்த வருஷம் வேண்டாம் என்றாள். லமாய் வற்புறுத்தவில்லை.

படையலன்று ஜாருணி குடியிருப்புக்கு அருகிலிருந்த கோயிலுக்குத் தனியாகப் போனாள். அங்கே அது சாதாரண வேலை நாள். வயதான ஒரு பிக்கு மட்டும் இருந்தார். சோறும் வாழைப்பழமும் வைத்து, அப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பிக்கு ஓதி முடித்துப் போனபின் மண்டபத்தில் அவள் மட்டும் இருந்தாள். தூணோரமாக உட்கார்ந்து, மூச்சுவிடுகிற சத்தத்தில், அப்பாவிடம் ஊர்ப்பேச்சில் பேசத் தொடங்கினாள். சில சொற்கள் சரியாக வந்தன. வராதவற்றை நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள்.