ஏ எழுதிய டியூப்

தரணி பதினெட்டு எலிகளுக்குச் சூடு வைத்தது ஒரு திங்கட்கிழமை. அதே வாரம் வியாழக்கிழமை அவள் அப்பா செங்கல்வராயனின் வலது காலில் கொதிக்கும் வெல்லப் பாகு கொட்டியது.

திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் மருந்தியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வயது முப்பத்திரண்டு. தீக்காயத்துக்கான ஒரு ஜெல்தான் அவளுடைய நான்கு வருட உழைப்பு. காயம் பட்ட இடத்தில் தோல் செல்களைப் பெருகச் செய்யவும், புது ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யவும் உடம்பே சில புரதங்களைச் சுரக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆழமாக வெந்த இடத்தில் அவை நிலைப்பதில்லை. காயத்தில் ஊறும் நீரே அவற்றைச் சிதைத்துவிடும். அப்படிச் சிதையாமல் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காயத்துக்குள் விடுகிற ஜெல் அது. மனிதர்களிடம் கொண்டுபோவதற்கு முன் எலிகளிடம் பார்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, முதுகு மயிரை மழித்து, சூடாக்கிய உலோக வில்லையை நொடி எண்ணி வைத்து எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் நாணயம் அளவு காயம். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவின் அனுமதி வாங்கிச் செய்கிற வேலைதான். இருந்தும் அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனாள்.

ஆறு எலிகளுக்கு ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் போடும் வெள்ளைக் களிம்பு. ஆறுக்கு ஏ என்று எழுதிய டியூப், ஆறுக்கு பி. அந்த இரண்டில் ஒன்றில் மருந்து இருந்தது, மற்றது வெறும் ஜெல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எதில் மருந்து என்று தெரிந்தால் அளக்கிறவரின் கண் ஒரு பக்கம் சாயும். அதனால் தரணிக்கே அது தெரியாது. அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் கோவர்தன், விவரத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தன் அலமாரியில் வைத்திருந்தார்.

செங்கல்வராயனுக்கு ஊர் புத்தூர் பக்கம். அன்று பக்கத்து நிலத்துக்காரர் வெல்லம் காய்ச்ச, கைகொடுக்கப் போயிருந்தார். கொப்பரையை நான்கு பேர் சேர்ந்து இறக்கும்போது ஒரு பக்கம் சரிந்தது. தண்ணீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். பாகு ஒட்டிக்கொண்டு வெந்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் போய், திருப்பதி அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் படுத்தார். மாடுகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வெங்கடம்மா ஊரில் இருந்துவிட்டாள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி திலீப் லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவோடு இருந்தான்.

தரணியின் நாள் இரண்டாகப் பிளந்தது. காலையில் கூண்டு கூண்டாகப் போய் எலிகளுக்கு ஜெல் தடவுவாள். நாலு நாளுக்கு ஒரு முறை, கண்ணாடித் தாளைக் காயத்தின் மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பரப்பளவைக் கணக்கிடுவாள். பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்பாவுக்குக் கட்டு மாற்றும் நேரமாக இருக்கும். எலிக் கூண்டின் மருந்து நெடியும் வார்டின் நெடியும் கலந்து, எது எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாமல் அவள் துணியில் தங்கிவிட்டது.

ஒரு நாள் கட்டு மாற்றி முடிந்ததும் செங்கல்வராயன் கேட்டார்.

"எலிக்கி சுட்டப்போ மயக்கம் குடுத்தியா?"

"குடுத்தேன் நைனா."

"அப்போ அதுங்க பரவால்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த திலீப் வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"மருந்த கையில வச்சிக்கினு நைனாவ இப்டி கத்த உட்டுக்கினு இருக்கியே அக்கா. இது இன்னா நாயம்?"

அவள் உட்கார வைத்துச் சொன்னாள். இந்த ஜெல் இன்னும் ஒரு மனிதர் மேலும் பட்டதில்லை. எலித் தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது, அதுவே காயத்தை நாலா பக்கமும் இழுத்து மூடிவிடும். நம் காலில் அது கிடையாது, புதுத் தோல் வளர்ந்துதான் மூட வேண்டும். எலிக்கு ஆறுவதை வைத்து மனிதருக்கும் ஆறும் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர்கள் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டப் போகிறார்கள், அதுதான் வழி. திலீப் தலையாட்டினான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள், கோவர்தன் புதிதாக நிரப்பிக் கொடுத்த டியூப்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, எலிகள் இருக்கும் கட்டடத்துக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குள் ஏறி இறங்கினாள். பெட்டியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு ஒரு ஊசி மருந்து வாங்கப் போய் வந்தது கால் மணி நேரம் இருக்கும். எலிக் கட்டடத்தில் பெட்டியைத் திறந்து எண்ணும்போது ஒரு டியூப் குறைந்தது. தானே எண்ணுவதில் தப்புச் செய்திருப்பேன் என்று நினைத்தாள். அந்த வாரம் அவள் தூங்கியதே கொஞ்சம்.

இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, உள்கணுக்கால் பக்கம் பளபளவென்று ஈரம் தெரிந்தது. அந்தப் பளபளப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தான். ஏ.

"ஏன்டா இத எடுத்த?"

"'ஏ'-ன்னா ஒசந்ததா இருக்கும்னு நெனச்சேன்."

டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். அரை நிமிஷம் அப்படியும் யோசித்தாள். பிறகு போய்ச் சொன்னாள். இளம் டாக்டர் கிரண்குமார் தெலுங்கில் திலீப்பைத் திட்டித் தீர்த்துவிட்டு, காயத்தைக் கழுவி, பஞ்சில் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி வளர்ந்தது. திலீப் கட்டை வெறுங்கையால் தூக்கியதால் வந்ததா, முன்பே இருந்ததா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். தோல் ஒட்டுவது ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரமும் கட்டு மாற்றும் நேரத்தில் செங்கல்வராயன் கத்தினார். திலீப் வராந்தாவில் நின்றான். தரணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகத் தோல் ஒட்டினார்கள். முக்கால்வாசி பிடித்தது. உள்கணுக்காலில் மட்டும் ஒட்டவே தேவைப்படவில்லை, தானாகவே ஆறிவிட்டிருந்தது. திலீப்புக்கு உயிர் வந்தது. செங்கல்வராயன் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் அந்த இடத்தைக் காட்டி, "எம்பொண்ணு செஞ்ச மருந்து" என்றார். ஊரிலிருந்து போன் செய்த வெங்கடம்மாவிடமும் அதையேதான் சொன்னார். ஏ எது என்று தரணிக்கும் அப்போது தெரியாதே.

இருபத்து நாலாம் நாள் எலிகளின் கணக்கு முடிந்தது. வலியில்லாமல் ஒவ்வொன்றாக மருந்து கொடுத்து உயிரை எடுத்து, ஆறிய இடத்துத் தோலை வெட்டிப் புட்டிகளில் போட்டாள். பதினெட்டாவது கூண்டு காலியானபோது தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

எல்லா அளவுகளையும் அவள் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு கோவர்தன் உறையைப் பிரித்தார். பி-யில்தான் மருந்து. அந்த எலிகளுக்குக் காயம் மூடச் சராசரியாகப் பதினேழு நாள். ஏ வெறும் ஜெல், இருபத்தொரு நாள். வெள்ளைக் களிம்பு இரண்டுக்கும் நடுவே. நாலு நாள் லாபம். கோவர்தன் மிகவும் சந்தோஷப்பட்டார். அடுத்தது பன்றி, அதன் தோல்தான் மனிதத் தோலுக்குக் கிட்ட வரும் என்றார். டியூப் போன விஷயத்தை அவள் அறிக்கையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இது அவசியமா என்று கேட்டார். அவசியம் சார் என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்து பழகிக்கொண்டிருந்தார். அவர் கட்டிலில் உட்காரும் வரை காத்திருந்து இருவரிடமும் சொன்னாள்.

"நீ தடவினதுல மருந்தே இல்லடா திலீப்பு. அது வெறும் ஜெல்லு."

திலீப், "அப்போ ஒரு வாரம் நைனாவ நான் சும்மா படுக்க வச்சிட்டேன்" என்றான்.

"அதனாலதான்னு டாக்டருக்கே தெரியல. உனுக்கு எப்டி தெரியும்?"

செங்கல்வராயன் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்போ இது?"

"அங்க மேலாக்கதான் பட்டிருந்துச்சி நைனா. தானா ஆறினது."

"உன் மருந்து இருந்துச்சே, அது வேல செஞ்சுதா?"

"எலிக்கி செஞ்சுது."

"மனுசனுக்கு எப்போ வரும்?"

"பத்து வருசம் ஆவலாம். வராமலும் போவலாம்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். இனி பக்கத்துக் கட்டில்காரரிடம் மாற்றிச் சொல்ல வேண்டாம், அந்த ஆள் நேற்றே டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டான் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார இடம் கிடைத்தது. திலீப் குனிந்து அப்பாவின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தரணிக்கு எதிர் சீட். பன்றிகளுக்கான அனுமதி விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்து முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள். ரேணிகுண்டா தாண்டுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.