மடிப்பிச்சை கேட்ட தெரு

என் வீட்டுக்காரர் வேல்சாமிக்கு அறுபத்தோரு வயசில்தான் முதல்முறையாகத் திருப்பதி போகும் யோகம் வந்தது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பெருமாளே, இவரை எழுப்பி விட்டுரு. மடிப்பிச்சை எடுத்து உன் மலைக்கு வரச் சொல்லுதேன்" என்று நான் வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான், எடுக்க வேண்டியது அவர். குடும்பம் என்றால் அப்படித்தான்.

புரட்டாசி பிறந்ததும் ஏற்பாட்டில் இறங்கினார் பாருங்கள், கல்யாண வீடு தோற்றது. பொழுதன்னைக்கும் செல்போனில் வீடியோ. எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் சாமி பார்க்கலாம், குளிருக்குப் போர்வை வேணுமா, எல்லாம் அத்துப்படி. ஒரு கவலை மட்டும் தீரவில்லை. "ஏட்டி, உள்ள போகும்போது செருப்பையும் செல்லையும் யாருட்ட குடுக்க?" கவுண்டரில் வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள் என்று மகள் மாரிசெல்வி சென்னையிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். "தெரியாத ஆளுகிட்டயா?" என்பார். பெருமாளை நம்பினார், டோக்கனை நம்பவில்லை.

மடிப்பிச்சைப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது. ராஜபாளையத்தில் மில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் கை நீட்டாதவர். ஒருநாள், "ஜிபேல வாங்கிக்கிட்டா ஆகாதா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த வீம்பு எனக்குப் புதுசா? அதே மில்லில் வேலை பார்த்த ஜெபதுரை அண்ணன், இவரோடு ஒரே தூக்குவாளியில் சோறு தின்ற சிநேகிதர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தன் மகள் வின்சி கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வீட்டு ஆளை எதுக்குப் போய் அழைக்கணும் என்று அவர் நினைப்பு. இவரோ, "நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லல" என்று கல்யாணத்துக்கே போகவில்லை, என்னையும் விடவில்லை. வின்சி இவர் தோளில் வளர்ந்த பிள்ளை. அன்றிலிருந்து ஜெபதுரை என்ற பேரே இவர் வாயில் வராது, "அந்த ஆளு"தான். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார். சாயங்காலமானால் இவர் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஆம்பளைகள் பேச்சை நிறுத்தினால் பொம்பளைகளும் நிறுத்தணுமா என்ன? ஜெபதுரை அண்ணன் சம்சாரம் ஹெப்சிபாவும் நானும் மார்க்கெட்டில் பார்த்தால் பேசிக்கொண்டுதான் இருந்தோம். வின்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருக்கிறாள், சனிக்கிழமை பேத்தியைப் பார்க்கப் போறோம் என்று அவள் சொன்னதும் எனக்கு மூளை வேலை செய்தது.

"இங்க எல்லாரும் தெரிஞ்சவுக. ஸ்ரீவில்லிபுத்தூருல போய் மடிப்பிச்சை கேட்டுட்டு, ஆண்டாளையும் கும்பிட்டுட்டு வருவோம்" என்று இவரிடம் சொன்னேன். இவர் முகம் மலர்ந்துவிட்டது. வீடியோவில் படித்த ஞானத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். "வரிசையாக் கேக்கணும் ஏட்டி. நடுவுல ஒரு வீட்ட விட்டாலும் பலன் இல்ல." ரொம்ப நல்லதாப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மஞ்சள் வேட்டியும் நாமமுமாக அவரை ரத வீதிக்குப் பின்னால் இருந்த தெருவுக்குக் கூட்டிப்போனேன். முதல் வீட்டில் அவர் சொன்ன "கோவிந்தா" பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. நல்லவேளை, அந்த வீட்டம்மா நாமத்தைப் பார்த்தே அரிசி போட்டாள். அடுத்த வீட்டில் ஒருவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சில்லறை இல்லப்பா, போயிட்டு வா" என்றார். சூப்பர்வைசர் முகம் சுண்டிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

மூன்றாவது வீட்டுக் கதவில் சிலுவைப் படம் ஒட்டியிருந்தது.

"ஏட்டி, இது வேதக்கார வீடு. விட்டுருவமா?"

"வரிசையாக் கேக்கணும்னு நீங்கதான சொன்னிய?"

வேறு வழியில்லாமல் "கோவிந்தா!" என்றார். பேத்தியை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தது ஜெபதுரை அண்ணன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். ஒரு எட்டு பின்னால் வைக்கவும் செய்தார். போய்விடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. பொறவு என்ன நினைத்தாரோ, துண்டை ரெண்டு கையாலும் விரித்து ஏந்தினார். "ஏலே, திருப்பதிக்குப் போறேன். பிச்சை போடு."

ஜெபதுரை அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு எதுக்குலே நேர்ல அலையுத? வாட்ஸ்அப்புல ஒரு வார்த்தை போட்டாப் பத்தாதா?"

உள்ளேயிருந்து வின்சியும் ஹெப்சிபாவும் சிரித்த சிரிப்பில் குழந்தை மிரண்டு அழுதது. அண்ணன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், பானையோடு அரிசியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். துண்டு கனம் தாங்காமல் தொங்கியது.

"போதும்லே."

"பேசாமப் பிடி. ரெண்டு வருசத்து வயித்தெரிச்சல் இருக்கு."

ரெண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

காபி குடிக்கும்போது இவர் வழக்கம்போல் செருப்புக் கவலையை ஆரம்பித்தார். ஜெபதுரை அண்ணன் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி ஏன் அழுத? நானும் வாரேன். நீங்க உள்ள போய்க் கும்பிட்டுட்டு வாங்க. ஒன் செருப்ப நான் வெளிய உக்காந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.

இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார்.

"மாரிசெல்வி, ரயில்ல இன்னொரு டிக்கெட் போடு. பேரா? ஜெபதுரை. வயசு எனக்குத் தெரியாதாக்கும்? என் வயசுதான்."