கைகோக்காத ஏழு பேர்

1

இந்தக் கதை ஒரு ஒப்பந்தச் சீட்டிலிருந்து பிறந்தது. அந்தச் சீட்டை எழுதியவன் நான். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாயிருக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் ஹுமைத். இலங்கையில், பதுளைக் கடைத்தெருவில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது தொழில். தேதி, இடம், விஷயம், கையொப்பம் என்ற வரிசை என்னிடம் தப்பாது.

அதன்படி, தேதி: 1911, ஐப்பசி. இடம்: ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம். (பெயர் வேண்டாம்.) விஷயம்: சடுகுடு.

பூனாகலைப் பக்கத்திலிருந்து வந்த பொன்னையாவுக்கும், ஹல்துமுல்லைப் பக்கம் கொழுந்து பறிக்கும் அங்கம்மாவுக்கும் ஆடித் திருவிழாவில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. அவளுடைய கங்காணி அந்தக் கலியாணத்தை ஒப்பவில்லை. தோட்டப் பதிவிலிருந்து பெயர் வெட்டிக் கொடுக்க மறுத்து அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் வெட்டாத ஆளை எந்தத் தோட்டமும் சேர்க்காது. கேட்கப் போன பொன்னையாவிடம் ஊரார் முன்னால் சொன்னார்: “தீபாவளிக்குச் சடுகுடு ஆடுவோம். ஜெயிச்சா கூட்டிக்கிட்டுப் போ. தோத்தா, அவ என் மச்சினனுக்கு.”

அதைத்தான் சீட்டாக எழுதினேன். கையெழுத்து மிக நன்றாக வந்தது.

2

“காலையில் கூட்டம் கூட்டமாக நிறுத்தி ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அன்று பனி மூடி —”

(இல்லை. பனியை வைத்துத் தொடங்குவது, பயத்தைத் தள்ளிப்போடுகிற வேலை.)

“பொன்னையாவிடம் ஆறு சூரர்கள் இருந்தார்கள் —”

இது சரி. வம்பும் இதில்தான். அவன் தோட்டத்தில் ஐந்து கங்காணிகள். ஐந்து கூட்டத்திலிருந்தும் பொறுக்கியெடுத்த ஆறு பேர், ஏழாவதாக அவன். அழகர் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவான். வீரய்யா பிடித்த கணுக்காலில் இரண்டு நாளைக்கு அவன் விரல் தடம் இருக்கும். மற்ற நால்வரும் ஏறக்குறைய அப்படியே. பாடிக்கொண்டு போனால் எவனையும் அடக்க முடியாது.

எதிராளி பாடிக்கொண்டு வந்தால்? ஏழு பேரும் கைகோத்து வளைக்க வேண்டும். அழகர் வீரய்யாவின் கையைத் தொட மாட்டான். சாதி.

“கையைக் கோத்துக்கங்கடா!” என்றான் பொன்னையா, ஆட்டம் பழகும்போது.

“எங்க ஆளுங்க என்னா சொல்லுவாங்க?” என்றான் அழகர்.

வீரய்யா சிரித்தான். “நேத்து நான் ஒருத்தன் காலைப் பிடிச்சிருக்கேன், நீ என் முதுகு மேலயே விழுந்த. அப்ப தீட்டு லீவுல போயிருந்துச்சா?”

“அது ஆட்டத்துல.”

“அப்ப இது என்னா, பெரட்டா?”

சிரிப்பு அடங்கியதும் பொன்னையா தன் தலைத்துணியை அவிழ்த்து இருவருக்கும் நடுவே நீட்டினான். இவன் ஒரு முனை, அவன் ஒரு முனை.

(அடிக்குறிப்பு: முதல் நாளே துணி இரண்டு தரம் நழுவியது. நான் பார்த்தேன். பொன்னையா என்னைப் பார்த்தான்.)

3

முதல் பிரதியில் அங்கம்மாவை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். தீபாவளியன்று களத்தோரம் வந்து நின்றவள் அழவில்லை.

“அந்தச் சீட்டைப் படிங்க, நானா.” (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மார் எல்லாரும் நானா.)

படித்தேன்.

“என் பேரு எத்தனை எடத்துல வருது?”

“மூணு எடத்துல.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டதா எங்கயாச்சும் வருதா?”

தாளைத் திருப்பினேன், பின்பக்கம் வெறுமை என்று தெரிந்தும்.

“தோத்தா என்ன செய்யப் போறே, புள்ள?” என்றேன்.

“அந்த மச்சினன் ரெண்டு பொண்டாட்டிய அடிச்சுத் தொரத்துனவன். நான் தெனம் கூடையோட மலை ஏறுறவ, நானா. எறங்கத் தெரியாமலா இருக்கும்?”

அவள் சொன்னது பாதையையா, பள்ளத்தையா என்று நான் கேட்கவில்லை. கதாசிரியன் கேட்டிருக்க வேண்டும். கடிதம் எழுதுகிறவன் சொன்னதை மட்டும் எழுதிப் பழகியவன்.

4

ஆட்டம் நான் பயந்தபடியே போனது. நம் ஆட்கள் பாடிப் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பாடி வந்து துணிக்கு அடியில் நுழைந்து தப்பினார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சமம். மிச்சம் ஒரு பாட்டு, அவர்களுடையது. பிடித்தால் வெற்றி, விட்டால் தோல்வி. பாட வந்தவன் அந்த மச்சினன்.

“சடுகுடு சடுகுடு சடு —”

வேறெங்கும் பார்க்காமல் அவன் துணியை நோக்கியே வந்தான். பாய்ந்தான். துணி அழகரின் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. ஒரு முழம் இடைவெளி. வீரய்யா கையை நீட்டினான்.

“பிடிடா, அழகரு!” என்று கத்தினான் பொன்னையா.

அழகரின் விரல்கள் —

5

முடிவு ஒன்று: பிடித்தான். எழுதிப் பார்த்தேன், பத்து வரி தடையில்லாமல் ஓடியது. அந்த வேகத்தையே சந்தேகித்துக் கிழித்தேன்.

முடிவு இரண்டு: பிடிக்கவில்லை. மறுநாள் அங்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறி —

(இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

முடிவு மூன்று: பிடித்தான், ஆனால் யோசித்துவிட்டுப் பிடித்தான். அந்த ஒரு நொடியில் மச்சினன் கோட்டைத் தாண்டிவிட்டான். ஆட்டமும் போயிற்று, அழகரைத் தன் ஆட்களும் ஒதுக்கிவிட்டார்கள்.

உண்மையில் எது நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அழகரைப் புகழ்ந்துவிட்டோ வைதுவிட்டோ நீங்கள் சாப்பிடப் போய்விடுவீர்கள்.

ஆகவே இப்படியே நிறுத்துகிறேன். மச்சினன் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறான். அவன் மூச்சு முடியவில்லை. அங்கம்மா களத்தோரம் நிற்கிறாள். வீரய்யாவின் கை நீண்டிருக்கிறது, உள்ளங்கையில் மண். அழகரை அங்கிருந்து எடுத்துவிட்டேன். அவன் இடத்தில் நிற்பது நீங்கள். உங்கள் ஆட்கள் எல்லாரும் கோட்டோரம் நின்று பார்க்கிறார்கள்.