வெயிலில் வைத்த இரண்டு செல்கள்

மேற்கு ஜன்னலின் சிமெண்டுத் திட்டில் ஒரு கை அகலத்துக்கு வெயில். நாலரைக்கு வரும். ஐந்தேகாலுக்குப் போய்விடும். அந்த வெயிலில் இரண்டு பென்சில் செல்கள் படுத்திருக்கின்றன.

என் முதல் வீடியோ கேமை நினைத்தால் அதுதான் முதலில் தெரிகிறது. விளையாட்டு அல்ல. வெயில்.

திருப்பூரில் எங்கள் லைன் வீடு. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில். பள்ளி விட்டு வந்தால் நானும் சுகந்தி அக்காவும் மட்டும். எனக்கு ஒன்பது வயது. அவளுக்கு இருபது.

தேர்த் திருவிழாக் கடையில் அவள் அந்த வீடியோ கேமை வாங்கினாள். சோப்பு டப்பா அளவு. சாம்பல் நிறம். மேலிருந்து கட்டைகள் விழும். சரியாக அடுக்கினால் வரிசை மறையும். தப்பினால் நிரம்பிவிடும்.

அவள் ஓர் ஆட்டம். நான் ஓர் ஆட்டம். தோளோடு தோள்.

"இடிக்காதடி அம்மிணி. கட்டை கோணலா உழுகுது" என்பாள் அக்கா.

"உன்ற கைதான் கோணல். கட்டைய ஏன் சொல்ற?"

ஆவணியில் அக்கா யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா அவள் துணிகளை யாருக்கோ கொடுத்தார். சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றினார். அவள் பெயரை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார்.

அந்த டப்பாவை அவர் கவனிக்கவில்லை. அதன் மேல் ஓரத்தில் அதுவரை எடுத்ததிலேயே பெரிய ஸ்கோர் நின்றது. அணைத்தாலும் அழியாது. அது அக்காவுடையது. வீட்டில் மிச்சமிருந்த அக்கா.

தினமும் ஆடினேன். தனியாக. அந்த ஸ்கோரை நெருங்கும்போது விரலை எடுத்துவிடுவேன். கட்டைகள் விழுந்து விழுந்து நிரம்பும். நான் தோற்பேன். அவள் அங்கேயே இருப்பாள்.

ஐப்பசியில் திரை மங்கியது. மழை. கட்டைகள் நிழல்போல் விழுந்தன. கடிகாரத்துச் செல் தீர்ந்தால் அம்மா வெயிலில் வைப்பாள். இன்னும் ஒரு வாரம் ஓடும். ஆனால் வெயில் இல்லை. மூன்று நாள் மழை. மூன்று நாளும் ஜன்னலில் நின்றேன்.

நான்காம் நாள் நாலரைக்கு வெயில் வந்தது. எது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு செல்களைக் கழற்றினேன். திட்டில் வைத்தேன். பாதி நேரத்தில் புரட்டிப் போட்டேன். சூடு ஆறுவதற்குள் திரும்ப மாட்டினேன்.

திரை பளிச்சென்று வந்தது. மேல் ஓரத்தில் பூஜ்யம்.

செல்லைக் கழற்றினால் எல்லாம் அழியும் என்று எனக்குத் தெரியாது. ஸ்கோரை எழுதியும் வைக்கவில்லை. எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதா? நானூற்று அறுபதா? அன்றிலிருந்துதான் நோட்டில் எழுதுகிறேன். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள். எழுதியது சரியா என்று மறுநாள் திரும்பப் பார்ப்பேன்.

போன வாரம் மாலை வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. பதினான்கு வருடம் கழித்து அக்காவின் குரல். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம், அவளுடைய ஸ்கோரை நான் அழித்துவிட்டதைச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அது உன்ற ஸ்கோருடி அம்மிணி. நானெல்லாம் நாலாயிரத்தத் தாண்டுனதே இல்ல. மறந்துட்டியா?"

மறந்துவிட்டேனா, தெரியவில்லை. நோட்டு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அவள் சொல்வது சரியென்றால், அந்த மாதங்களில் வீட்டில் அவளுடையது எதுவுமே இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன். என்னிடமே தோற்றுக்கொண்டு.

"அந்த டப்பா இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"வெச்சிரு" என்றாள். பஸ் வந்துவிட்டது.

இன்று இரண்டு செல்கள் வாங்கினேன். புதியவை. வெயில் தேவையில்லாதவை. ஆனாலும் திட்டில் வைத்தேன். அதே ஜன்னல். நாலரை. வெயில் வந்தது.

தோளோடு தோள் படுத்திருக்கின்றன. ஐந்தேகாலுக்கு வகுப்புக்குக் கிளம்ப வேண்டும். அதுவரை ஒன்றும் செய்யாமல் நிற்கிறேன்.