சொட்டுகிற சட்டை

ராசிங்காபுரத்துப் பொற்கொடியின் சட்டை, அவள் உடம்பில் இருபது வருசமாக ஊறியிருந்த பூச்சிமருந்தை ஆடி மாதம் முழுக்கச் சொட்டித் தீர்த்தது. போடிமெட்டு ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுகிறவர்கள்தான். மற்றவர்களுடையது புருசன் போட்டுக் கழித்த பழசு. இவளுடையது கஞ்சாச்செடித் தண்டின் நாரில் நெய்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் மகள் சுஜாதா கொண்டுவந்தது.

"ஏன்த்தா, செக்போஸ்ட்டுல என்னையப் பிடிச்சு உள்ள வைக்கவா?"

"போதை வேற, நாரு வேறம்மா. அந்தச் செடிக்குத் தண்ணி கம்மி, மருந்தும் வேணாம். மண்ணுல இருக்குற நஞ்சக்கூட உறிஞ்சிருமாம். வெரசாக் கிழியாது, போட்டுக்க."

மண்ணைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் பொற்கொடி இல்லை. ஏலச்செடியின் தூரில் குந்தி, காயைத் தடவிப் பார்த்து, விளைந்ததை மட்டும் கிள்ளுவது அவள் பிழைப்பு. மருந்தடித்த ஈரத்தில் அளைந்து அளைந்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. கூடையில் பாதி பிஞ்சாகக் கிடந்ததைப் பார்த்த கங்காணி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் மலையேற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சட்டை போட்ட முதல் நாளே, சாயங்காலம் அது ஈரச்சாக்காகக் கனத்தது. கொடியில் போட்டதும் பச்சையாகச் சொட்டியது. வாளியில் பிடித்துப் போய்க் காட்டினாள். போடியில் உரக்கடை வைத்திருக்கும் காசிமாயன் முகர்ந்து பார்த்து, ஒவ்வொரு மருந்துக்கும் பேர் சொன்னார். விற்கக் கூடாதென்று நிறுத்திப் பல வருசமான மருந்தும் அதில் இருந்தது.

"எப்படிக்கா உசுரோட இருக்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு யூரியா நிறுக்கப் போனார்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள், காயைத் தொட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காயின் மூன்று பக்கமும், காம்பின் ஈரமும், மேலே ஊர்ந்த எறும்பின் காலும் விரலுக்குத் தெரிந்தன. செடிகளுக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள். அன்று கூடையில் ஒரு பிஞ்சு இல்லை. கங்காணி கிளறிப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுஜாதா வந்தாள். அவள் கையைப் பிடித்த பொற்கொடி, அதை விடாமல் தடவிப் பார்த்தாள். போன தடவையும் இதே கையைத்தான் பிடித்தாள். கண்ணுக்குச் சாயக்கறை தெரிந்தது, அவ்வளவுதான். இப்போது உள்ளங்கை வெடித்து மரப்பட்டையாகக் கிடந்தது விரலுக்குத் தெரிந்தது.

"என்னத்தா இது?"

"சாயத்தண்ணிம்மா. அங்க எல்லாருக்கும் இப்படித்தான்."

பொற்கொடி சட்டையைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களைத் தடவித் தடவி மாட்டினாள்.

மறுநாள் விடியலில் சட்டையைக் கொடியில் போட்டபோது வாளியில் முதலில் சிவப்பு சொட்டியது, பிறகு நீலம், பிறகு மஞ்சள். பொற்கொடி புருசனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் ஜீப்புக்கு நின்றாள். பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் போகிற போக்கில் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"சுஜாதா வந்திருக்கா போல" என்றாள்.